அரம் பட்ட ஆணி

– அந்த ஆணிய இங்கிட்டுக் குடு செவந்தி. வெளிச்சத்துல வச்சுப் பாப்போம்.

– ஒடிஞ்ச ஆணியில என்ன சார் இருக்கு பாக்க? போன வருசமும் பாத்தீங்க. அதுக்கு முந்தின வருசமும் பாத்தீங்க. நீங்க எனக்குச் செஞ்சு குடுத்த மூணு வண்டிக்கு மூணு ஆணி. சக்கரம் அப்படியே இருக்கு, சீட்டு அப்படியே இருக்கு. இது மட்டும் ஒரு மாசத்துல போயிருது.

– கையால சுத்துற பலம் பூராவும் சங்கிலி வழியா வந்து அச்சுல இந்த ஒத்த ஆணி மேலதான்மா இறங்குது. மொத வண்டிக்கு ரெண்டு நூல் கனத்துல போட்டோம். அடுத்ததுக்கு மூணு நூல். இதுக்கு நாலு நூல், அரை அங்குலம். மாட்டுவண்டிய இழுத்தாக்கூடத் தாங்கணும்.

– எனக்கு வகுப்பு எடுக்காதீங்க சார். ஒங்க பயலுகளுக்கு எடுங்க.

– வாத்தியாரய்யா, அவ கெடக்கா, நீங்க மொதல்ல மோரக் குடிங்க. முக்கத்துலருந்து நடந்தா வந்தீங்க இந்த வெயில்ல?

– பஸ்ஸு முக்கத்தோட திரும்பிருச்சு அழகம்மா. நடந்துதான் வந்தேன். முழங்கால் ரெண்டும் விட்டுப்போச்சு. சரி, விடுங்க.

– என்னத்தச் சொல்ல. எங்க பயலுகளக் காணோம்? மாலையும் கையுமா வருவாகளே. நான் அவுகளுக்குன்னு கடலை அவிச்சு வச்சிருக்கேன்.

– வரல. இந்தத் தடவ நான் மட்டும்தான்.

– ஏன் சார், பயலுகளுக்குப் பரீட்சையா?

– இல்லம்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எங்க தொழிற்பள்ளி சூப்பிரண்டு கூப்பிட்டு அனுப்புனாரு. மூணு வருசம் மூணு வண்டி பண்ணியாச்சு, ஒண்ணும் ஒரு மாசத்துக்கு மேல ஓடல, இதோட முடிச்சுக்கங்கன்னுட்டாரு. இந்த வருசப் பயலுக கடலை ஒடைக்கிற மிசின் செய்யணுமாம். ஒடைஞ்ச வண்டிய எடுத்துட்டு வந்து, ஏன் ஒடைஞ்சுதுன்னு ஒரு அறிக்கை எழுதிக் குடுத்துட்டு ஆக வேண்டியதப் பாருங்கன்னாரு.

– எடுத்துட்டுப் போகத்தான் வந்தீங்களா?

– மாட்டுவண்டி ஒண்ணு சொல்லியிருக்கேன். சாயங்காலம் வரும்.

– அடி ஆத்தீ. வாத்தியாரய்யா, அத எடுத்துட்டுப் போயிட்டா இவ என்ன செய்வா? இவளுக்குக் கடுதாசி வந்திருக்குங்க. எடுத்துக் காட்டேண்டி. அந்தத் தலகாணிக்கு அடியில வச்சிருக்காளே.

– இரு ஆத்தா.

– என்ன கடுதாசி?

– மாதர் சங்கத்துல தையல் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னு கேட்டிருந்தாக. எழுதிப் போட்டேன். நான் தைச்ச ரவிக்கை ரெண்டு அனுப்பச் சொன்னாக, அனுப்புனேன். புடிச்சுப்போச்சாம். வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காக.

– நல்ல சேதிதானம்மா. இத ஏன் மொதல்லயே சொல்லல?

– கீழ ஒரு வரி இருக்கு, படிங்க. தினமும் யார் ஒத்தாசையும் இல்லாம வந்து போக முடிஞ்சாத்தான் வேலைன்னு. மூணு மைலு. என் காலப் பத்தி யாரோ சொல்லியிருக்காக. சொல்லாம இருப்பாகளா.

– அப்ப பன்னெண்டு நாள் இருக்கு.

– பன்னெண்டு நாள் இருக்கு. அதுக்கு அப்புறம் வேற பொண்ணுக்குக் குடுத்துருவாக.

– ஆணி மாத்துறது ஒரு மணி நேர வேலம்மா. ஆனா திரும்பவும் ஒடிஞ்சா? நடுரோட்டுல நீ ஒத்தையா நின்னா? அதான் எனக்குப் புரியல. நாலு நூல் கனம், நல்ல இரும்பு, நானே நின்னு வாங்குனது...

– என்ன சார், ஆணிய மூக்குக்கிட்ட வச்சுப் பாக்குறீங்க?

– கொஞ்சம் இரு.

– மோரு ஆறுதுன்னு சொல்ல முடியுமா, குடிங்கய்யா.

– அழகம்மா, இந்த வீட்டுல அரம் இருக்கா?

– இருக்குங்க. அருவா தீட்ட அவ அப்பன் வச்சிருந்தது. கூரையில சொருகியிருக்கு. எதுக்கு?

– இரும்பு தானா ஒடிஞ்சா ஒடிஞ்ச எடம் கல் உப்பு மாதிரி நொறுநொறுன்னு தெரியும். இதுல ஓரத்துல மட்டும் அப்படி இருக்கு. மிச்சம் பூரா வழவழன்னு கோடு கோடா இருக்கு. முந்தின ரெண்டுலயும் துரு ஏறி இது தெரியல. முப்பது வருசம் பட்டறையில நிக்கிறேன். இது ஒடிஞ்ச ஆணி இல்ல. முக்காவாசி அரம் போட்டு அறுத்துட்டு, மிச்சத்த ஒரு தட்டுத் தட்டியிருக்கு.

– அரமா? யாரு போட்டா?

– வீட்டுல ரெண்டு பேரு. அழகம்மா, நான் கோவிச்சுக்கல. பொண்ணு வண்டியில வெளிய போனா பயமாத்தான் இருக்கும். லாரி வருது, பஸ்ஸு வருது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா...

– என்னய்யா பேசுறீங்க. நானா? பெத்தவளாய்யா செய்வா? அந்த வண்டி வந்து நின்ன அன்னைக்குச் சூடம் கொளுத்திச் சுத்திப் போட்டவ நானு. இவளப் பதினெட்டு வருசமா இடுப்புல தூக்கி எறக்கி எனக்குக் கூன் விழுந்துபோச்சு. என்னத்தச் சொல்ல. இவ தானா வாசலத் தாண்டிப் போறத கண்ணால பாத்துட்டுச் செத்தாப் போதும்னு இருக்கேன், என்னையப் போயி...

– ஆத்தா இல்ல சார். நாந்தான்.

– நீயா?

– மூணும் நாந்தான். ரெண்டு நூல் சீக்கிரம் அறுந்துருச்சு. இந்த நாலு நூலுக்கு ஒரு வாரம் ஆச்சு. ஆத்தா களை எடுக்கப் போற நேரமாப் பாத்து.

– ஏண்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருச்சு?

– இருங்க அழகம்மா, அடிக்காதீங்க. செவந்தி, வருசத்துக்குப் பன்னெண்டு பயலுக. மூணு வருசத்துக்கு முப்பத்தாறு பேரு. அத்தன பேரும் இந்த ஆணியப் பத்தித்தான் பரீட்சைப் பேப்பரு எழுதியிருக்கான். ஒருத்தன் இரும்பு சரக்கு மட்டம்னான். ஒருத்தன் கண்மாய்க்கரை மேடு பள்ளத்துல அதிர்ந்து அதிர்ந்து களைச்சுப்போச்சுன்னு நாலு பக்கம் எழுதுனான். படம் வேற போட்டிருந்தான்.

– மார்க்கு போட்டீங்களா?

– நூத்துக்கு எம்பது போட்டேன்.

– நல்ல பையன் சார்.

– சிரிக்காதம்மா. எனக்குச் சிரிப்பு வரல.

– எனக்கும் வரல சார். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பயலுக தீபாவளி லீவுக்குக்கூடப் போகாம பெயிண்டு அடிச்சதாச் சொன்னாக. மாலையப் போட்டு ஒக்கார வச்சு போட்டோ எடுத்தாக. இந்த வண்டி எனக்கு வேணாம்னு அந்த மூஞ்சிகளப் பாத்து எப்படிச் சொல்றது? ஒடிஞ்சுபோச்சுன்னா யாருக்கும் மனசு நோகாது. அவுகளுக்கும் படிக்கிறதுக்கு ஒண்ணு கெடைக்கும்.

– ஏன் வேணாம்? ஓடலையா? இழுக்கக் கனமா இருந்துச்சா?

– பூ மாதிரி ஓடுச்சு. மொத வண்டிய எடுத்துக்கிட்டு சந்தைக்குப் போனேன், ஒங்களுக்குத் தெரியும்.

– தெரியும். போயிட்டு வந்துட்டேன்னு கார்டு போட்டிருந்தியே. வகுப்புல வாசிச்சுக் காட்டுனேன். பயலுக கை தட்டுனாங்க.

– அதுல எழுதாத ஒண்ணு இருக்கு. புளிக்கடைக்கு முன்னால வண்டிய நிறுத்திட்டு ஆத்தாவுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு ஆளு வந்து மடியில காசு போட்டுட்டுப் போறாரு. நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள அடுத்த அம்மா வந்து போட்டுச்சு. அது பிள்ளைய விட்டுப் போடச் சொல்லுச்சு. போடு, புண்ணியம்னு.

– எங்கிட்டச் சொல்லவே இல்லையேடி.

– ஒங்கிட்டச் சொன்னா நீ ஒக்காந்து அழுவ. ரெண்டாவது வண்டியில ஜவுளிக்கடைக்குப் போனேன் சார். லைனிங் துணி வேணும்னு. கடை வாசல்ல நின்னு கூப்பிட்டேன். உள்ள இருந்த ஆளு தலையத் தூக்காமலே சொன்னான், இன்னைக்கு இல்ல, வெள்ளிக்கிழமை வான்னு.

– வெள்ளிக்கிழமைக்கு என்ன?

– வெள்ளிக்கிழமதான் சார் பிச்சக்காரங்களுக்குக் காசு போடுவாக. ஒங்களுக்குத் தெரியாதா?

– ஒங்க ஊர்லயுமா அப்படி?

– நம்ம ஊருக்குள்ள நான் கையூணித் தவழ்ந்து போனா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக. இவ அழகம்மா மக, தையக்காரின்னு தெரியும். வெளியூர்ல தாழ ஒரு வண்டி, மூணு சக்கரம், அதுல கால் வெளங்காத ஒருத்தி. அவ்வளவுதான். மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாக. கை தானா மடிக்குப் போயிரும்.

– மூணாவது வண்டிக்குச் சீட்டெல்லாம் தோல் போட்டோமே.

– தோலு எனக்குத்தான் தெரியும். நான் அதுமேல ஒக்காந்திருக்கேன். நிக்கிறவுகளுக்கு என் தலதான் தெரியும்.

– இத மொத வருசமே சொல்லியிருக்கலாம் செவந்தி.

– நீங்க மொத வருசம் என்னைய ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் சார். பயலுக வந்தாக. வயசுப் பொண்ண டேப்பு வச்சு அளக்கக் கூடாதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு, அவுகளுக்குள்ள இருந்த குட்டைப் பயலக் கால மடக்கி ஒக்கார வச்சு அவன அளந்தாக. திருப்பதின்னு பேரு. ரெண்டாவது வருசமும் அந்த அளவுதான். மூணாவதும் அந்த அளவுதான். நான் திருப்பதியோட வண்டியிலதான் இத்தன நாளா ஒக்காந்திருக்கேன்.

– திருப்பதி இப்ப பெல்லாரியில வேல பாக்குறான்.

– நல்லா இருக்கட்டும்.

– சரி, விடு. எனக்கும் முடியலம்மா. அடுத்த வருசம் ரிட்டையர்டு. இந்த மூணு வண்டியாவது பேரு சொல்லும்னு நெனைச்சேன். சொல்லு, என்ன வேணும்?

– ஒசரமா வேணும்.

– எவ்வளவு ஒசரம்?

– எதுத்தாப்புல நிக்கிறவுக கண்ண நான் நேராப் பாக்கணும். அவுக குனியக் கூடாது, நான் நிமிரக் கூடாது.

– அது முடியாதும்மா. கேளு. கனம் எவ்வளவுக்கு எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவுக்கு வண்டி கவுறாது. மொத மாசமே அதத்தான் போர்டுல படம் போட்டுக் காட்டுறேன். ஒன்ன மேல ஏத்தி வச்சா கண்மாய்க்கரை திருப்பத்துல சாஞ்சிரும்.

– கனம் கீழ இருக்கட்டும் சார். நான் மேல இருக்கேன்.

– நீதானம்மா கனம்.

– நானே வண்டியில பாதிக் கனம் இருக்க மாட்டேன்.

– கனத்தப் பத்தி எங்கிட்டக் கேளுங்கய்யா. இவளத் தூக்கிறலாம். இவ தையல் மிசின் இருக்கே, கையால சுத்துறது, அதத் தூக்கித்தான் எனக்கு இடுப்பு போச்சு. அம்புட்டும் இரும்பு. வேலைக்குப் போனா அதையும்ல தினம் கொண்டுபோகச் சொல்லியிருக்காக. என்னத்தச் சொல்ல.

– மிசினக் கொண்டுபோகணுமா?

– சங்கத்துல மிசின் இல்ல சார். சொந்த மிசின் இருக்கணும்னு போட்டிருக்கு. அதுவும் அந்தக் கடுதாசியிலதான்.

– எங்க இருக்கு அது? காட்டு. அப்படி வா... இது இருவத்தஞ்சு ராத்தலுக்குக் குறையாது. பெட்டியோட முப்பது வரும். இத சீட்டுக்கு நேர் கீழ, அச்ச ஒட்டுனாப்புல ஒரு பெட்டி அடிச்சு இறக்கி வச்சா... இரு, பென்சில் எங்க வச்சேன்?

– காதுல இருக்கு சார்.

– இரும்பு கீழ போகுது. நீ மேல போற. பின்சக்கரம் ரெண்டையும் இன்னும் அரையடி தள்ளி வைக்கணும். ஆனா அகலம் கூடுனா ஒங்க வாசல்ல நுழையாது.

– வெளிய நிக்கட்டும். மாடு வெளியதான நிக்குது.

– ஏறுறது எப்படி? ரெண்டே முக்கால் அடி ஒசரம் வரும்.

– மாட்டுவண்டியில யாரு என்னையத் தூக்கி விடுறாக? பின்னால ரெண்டு படி வச்சுக் குடுங்க. கையால ஏறிருவேன். என் கையப் பாத்தீங்களா சார்? மூணு வருசத்துல என் கையப் பாத்தீங்களா?

– இல்லம்மா. பாக்கல.

– அந்தப் பெட்டிக்கு முன்பக்கம் மூடி வேணாம். மிசின் வெளிய தெரியட்டும்.

– தூசி படியும்.

– தொடைச்சுக்கிறேன்.

– புரியுது. மிசின் தெரிஞ்சா மடி தெரியாது.

– அப்படித்தான் சார்.

– வாத்தியாரய்யா, இந்தாங்க டேப்பு. இந்தத் தடவ நானே புடிக்கிறேன். எங்க வைக்கணும், சொல்லுங்க.

– ஒக்காந்த எடத்துலருந்து அவ கண்ணு வரைக்கும் புடிங்க.

– இருவத்தெட்டுன்னு காட்டுது.

– ரெண்டடி நாலங்குலம். அடுத்து...

– அடுத்து ஒங்கள அளக்கணும் சார். எந்திரிங்க.

– என்னையவா?

– நிக்கிற ஆம்பளையோட கண்ணு எங்க இருக்குன்னு தெரிய வேணாமா? வேற யாரு இருக்கா இங்க? திருப்பதியா இருக்கான்?

– முழங்கால் மடங்கிப்போச்சு. அந்தக் கம்பக் குடுங்க அழகம்மா... ஆங். புடிங்க.

– தரையிலருந்து கண்ணுக்கு... அறுவத்தொண்ணுங்க. ஆடாம நில்லுங்கய்யா.

– அறுவத்தொண்ணு. அதுல இருவத்தெட்டக் கழிச்சா முப்பத்திமூணு. நான் சொன்ன ரெண்டே முக்கால் அடி. பாத்தியா, கண்ணாலயே சொல்லிட்டேன்.

– இப்ப சூப்பிரண்டுக்கு என்ன சார் சொல்லுவீங்க? கடலை மிசின் இல்லையா?

– அவரு அறிக்கைதான கேட்டாரு. ஆணி ஏன் ஒடிஞ்சுதுன்னு எழுதிக் குடுக்கிறேன்.

– நான் அரம் போட்டேன்னு எழுதுனா அடுத்த வண்டி எப்படிக் குடுப்பாரு?

– அப்படி எழுதல. மூணு வருசமும் வாத்தியார் வேற ஆள அளந்தாரு, அதனால ஒடிஞ்சுதுன்னு எழுதுறேன். அதுல பொய் இல்ல. கடலை மிசின் ரெண்டு வாரம் பொறுக்கும். கடலை இன்னும் காட்டுலதான இருக்கு.

– பன்னெண்டு நாள்ல முடியுமா?

– வண்டிச் சட்டம் புதுசா அடிக்கணும். சங்கிலி, சக்கரம் பழசே போதும். பத்து நாள்ல குடுத்தா ரெண்டு நாள் ஓட்டிப் பழகிக்க. சாயங்காலம் மாட்டுவண்டி வந்தா பழசையெல்லாம் ஏத்தி விடுங்க. பிரிச்சு எடுத்துக்கிறேன்.

– என்னத்தச் சொல்ல. நீங்க நல்லா இருக்கணும்யா. பயலுக சொல்லுவாக, மொத வகுப்புல வாத்தியாரய்யா கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு ஏதோ கதை சொல்லுவாருன்னு. அது என்ன கதைங்க? நானும் மூணு வருசமாக் கேக்கணும்னு இருந்தேன்.

– அது கதை இல்ல, நடந்ததுதான். நாளைக்குப் புதுப் பயலுகளுக்குச் சொல்லணும். அஞ்சு வருசம் இருக்கும். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணு தரையில ஒக்காந்து பிச்சை எடுத்துக்கிட்டு இருந்துச்சு. காலு ரெண்டும் சூம்பிப்போயி. நான் எட்டணாவ மடியில போட்டுட்டு ஓடிப் போயி பஸ்ஸுல ஏறிட்டேன். புதுக்கோட்டை வர்ற வரைக்கும் மனசு ஆறல. காசு போட்ட இந்தக் கை, ஒரு சக்கரம் பண்ணிக் குடுத்திருக்கக் கூடாதான்னு.

– அடடா.

– அடுத்த வாரம் போயித் தேடுனேன். அங்க இல்ல. அப்புறமும் ரெண்டு மூணு தடவ தேடுனேன். அந்தப் பொண்ணுக்குச் செய்ய முடியாதத வேற யாருக்காவது செய்வோம்னு பஞ்சாயத்துப் பிரசிடெண்டுகள்ட்ட எல்லாம் கேட்டேன். ஒங்க பிரசிடெண்டு செவந்தி பேரச் சொன்னாரு. இப்படித்தான் இந்த வாசலுக்கு வந்தேன். எட்டணாவுல ஆரம்பிச்சது இதுன்னு பயலுகள்ட்டச் சொல்லுவேன்.

– அந்தப் பொண்ணு மூஞ்சி ஞாபகம் இருக்கா சார்?

– இல்லம்மா. கால்தான் ஞாபகம் இருக்கு.

– ஏதாச்சும் சொல்லுச்சா?

– என்னமோ சொல்ல வந்துச்சு. பஸ்ஸு கெளம்பிருச்சு.

– மடியில வேற எதுவும் இருந்துச்சா?

– ஏதோ துணி மூட்டை. பச்சை கலர்னு நெனைக்கிறேன். ஏன் கேக்குற?

– பச்சைச் சீட்டித் துணி சார். ஆறு கெஜம், பாவாடைக்கு எடுத்தது. ஆத்தா எனக்குத் தண்ணி வாங்கப் போயிருந்துச்சு. மொத நாள் நீங்க இந்த வாசல்ல வந்து நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்குச் சொல்றப்ப மாத்திச் சொல்லுங்க. எட்டணா இல்ல, நாலணா. அந்தப் பொண்ணு பிச்சை எடுக்கல, பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு.